நாலு மணிக்குக் கேரட் வடை

ஜூன் 17, திங்கள்

நாளது தேதியில், பாளையங்கோட்டையில் குடியிருக்கும் பத்திர எழுத்தர் பிரமநாயகம் ஆகிய நான், வயது நாற்பத்தெட்டு, எடை தொண்ணூற்றொன்றரை கிலோ, யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதி வைத்துக்கொண்ட சாப்பாட்டுக் குறிப்பு என்னவென்றால்...

எனக்கு இப்படித்தான் எழுத வருகிறது. இருபத்து மூன்று வருஷமாகச் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சாதாரணமாக எழுதும் கை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "சார், தினமும் என்ன சாப்பிட்டீங்கன்னு ஒண்ணு விடாம எழுதணும். பொய் எழுதக் கூடாது" என்கிறாள். பத்திர எழுத்தரிடம் சொல்கிற பேச்சா இது!

விஷயம் இதுதான். என் தங்கை சண்முகவடிவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு இரண்டு வருஷமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அவளைக் கட்டிய மாப்பிள்ளைக்குச் சர்க்கரை நோய், அதனால் அவர் கொடுக்க முடியாது. அப்பா அம்மா இல்லை. என் ரத்தம் அவளுக்குப் பொருந்துகிறது, மற்றதெல்லாமும் பொருந்துகிறது. என் உடம்புதான் இடக்குப் பண்ணுகிறது. ஈரலில் கொழுப்பு, பிரஷர் கூடுதல். எண்பத்து நாலு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் என்னிடமிருந்து எடுப்பாராம் டாக்டர். சாயங்காலப் பலகாரத்தை விட்டுவிட்டு, காய்கறியில் வீட்டிலேயே ஏதாவது செய்து கொண்டுபோய்த் தின்னச் சொன்னார்.

வடிவு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நானாகத்தான் சொன்னேன். "நான் தாரேன்" என்று. எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

இன்று: இட்லி நாலு. மத்தியானம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. சாயங்காலம் பஜ்ஜி மூன்று, கடைசி நாள் என்பதால். ராத்திரி தோசை மூன்று.

ஜூன் 18, செவ்வாய்

பஜ்ஜி இரண்டு. நேற்றோடு கடைசி என்பது ஆபீஸ் வாசல் கூட்டாளி சாலமோனுக்குத் தெரியாது. எனக்கும் சேர்த்து வாங்கிவிட்டார்.

ஜூன் 20, வியாழன்

முதல் நாள் சமையல். என் வீட்டுக்காரி ஆவுடை டீச்சர், காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். "பாடம் நடத்தவும் நானு, உங்களுக்கு வடை தட்டவும் நானா? எடை உங்களோடதுதானே, நீங்களே செய்யுங்க" என்று சொல்லிவிட்டாள். ஆறு மணிக்கே அடுக்களைக்குள் போனேன். கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாம் பொடியாக நறுக்கி, ஊறிய கடலைப்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்துக் கலந்து, தோசைக்கல்லில் தட்டிச் சுட வேண்டும். கல்லைத் துடைக்கிற அளவுக்குத்தான் எண்ணெய். உப்பை முதலிலேயே போட்டுப் பிசைந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் காய் தண்ணீர் விட்டு மாவு கூழாகிவிட்டது. அதையும் ஊற்றிச் சுட்டேன்.

நாலு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். சாலமோன் முத்திரைத்தாள் விற்கிறவர், என்னோடு ஒரே பெஞ்ச். மைதீன் எங்களுக்கு அடுத்த ஜெராக்ஸ் கடை. நாலு மணிக்கு எதிர்க்கடை பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்து எண்ணெய் பிழிந்து, டீயோடு தின்பது எங்கள் மூன்று பேருக்கும் இருபது வருஷப் பழக்கம். டாக்டர் எடை குறைக்கச் சொன்னார் என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர்களும் என் வயிற்றைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

சாலமோன் ஒன்றைப் பிட்டுப் பார்த்தார். "என்ன வே இது, பாக்க வடை மாதிரி இருக்கு, பிச்சா அல்வா மாதிரி வருது?"

"சும்மா இரியும். நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்று மைதீன் மூன்று தின்றார். அவருக்கு யார் மனதையும் நோகடிக்கத் தெரியாது.

நான் இரண்டு தின்றேன். நன்றாக இல்லை.

ஜூன் 24, திங்கள்

உப்பைச் சுடுவதற்குச் சற்று முன்னால்தான் போட வேண்டும். கற்றுக்கொண்டேன். இன்று பன்னிரண்டு வடையும் மொறுமொறுவென்று வந்தது. சாலமோன் ஐந்து, மைதீன் ஐந்து. மீதி இரண்டைப் பதிவுக்கு வந்திருந்த ஒரு அம்மாள் ஆசையாகப் பார்த்ததால் அவளிடம் கொடுத்தேன். நாலு பேர் பார்க்க நாம் மட்டும் தின்பது முறையில்லை. எனக்கு மிஞ்சவில்லை. வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், பஜ்ஜி மூன்று.

ஜூன் 28, வெள்ளி

டயாலிசிஸ் முடிந்த நாள் என்பதால் வடிவைப் பார்க்கப் பெருமாள்புரம் போனேன். படுத்திருந்தாள். ஊசி குத்திய கையில் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து பிரிட்ஜிலிருந்து அல்வா பொட்டலத்தை எடுத்துவரச் சொன்னாள்.

"எனக்கு எடை குறைக்கணும்ட்டி" என்றேன்.

"ஒரு வாய் அல்வால என்ன எடை கூடிரப் போவுது? நாந்தான் திங்கக் கூடாது. நீ தின்னுண்ணே, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. மாத்திரையை ஒரு மடக்கில் விழுங்கிவிட்டு டம்ளரில் மீதியைத் திரும்ப மூடி வைத்தாள். நான் அல்வா தின்றேன். கால் கிலோ இருக்கலாம்.

ஜூலை 5, வெள்ளி

குழிப்பணியாரம். இட்லி மாவில் கேரட், வெங்காயம், கொத்தமல்லி, கொஞ்சம் துருவின பூசணி. ஒரு குழிக்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய். மைதீன் வீட்டில் போன வாரம் வடைச் செய்முறை கேட்டனுப்பினார்கள், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "ஷரத்து ஒன்று, ஷரத்து இரண்டு" என்று பத்திரம் மாதிரி எழுதியிருக்கிறேனாம், அவர் வீட்டில் எல்லாரும் சிரித்தார்களாம்.

பணியாரம் இருபது. எனக்கு ஒன்று. பஜ்ஜி இரண்டு.

ஜூலை 12, வெள்ளி

சுரைக்காய் அடை எட்டு. மழை வருகிறாற்போல் இருந்தது. பஜ்ஜி நாலு.

ஜூலை 19, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. கிரயப் பத்திரத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பெஞ்சில் ஈ ஓட்டிக்கொண்டு இருந்தோம். வேலை இல்லாததால் சமையல் கூடிவிட்டது. பாசிப்பருப்பை ஊறவைத்து வெள்ளரிக்காய், கேரட், மாங்காய்த் துருவல் போட்டு ஒரு டப்பா, முட்டைகோஸ் கொழுக்கட்டை ஒரு டப்பா. ஆபீஸ் உள்ளே இருக்கும் கிளார்க்குகள்கூட நாலு மணிக்கு எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு நல்ல பெயர். சாலமோன் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். மைதீனுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதாம். "எல்லாம் அண்ணாச்சி கைராசி" என்கிறார்.

ஆறு மணி வரை அங்கேயே இருந்தேன். எதிர்க்கடையில் ரசவடை போட்டிருந்தார்கள்.

ஜூலை 24, புதன்

ஆடியானாலும் தான செட்டில்மெண்டுக்கு வருகிறவர்கள் வரத்தான் செய்வார்கள். இன்று ஒரு பெரியவர் மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தார். "உங்க சம்மதத்தோடதான் குடுக்கீங்களா? யாரும் வற்புறுத்தலையே?" என்று சார்பதிவாளர் கேட்டார். பெரியவர் மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு இல்லை என்றார். எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். வேறு என்ன சொல்ல முடியும், நாலு பேர் முன்னால்.

வடை பத்து. எனக்கு இல்லை. பசியும் இல்லை. பஜ்ஜி இரண்டு.

ஜூலை 31, புதன்

ஆஸ்பத்திரி. நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். தொண்ணூற்றிரண்டு கிலோ நானூறு கிராம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கூடியிருக்கே சார்?" என்றார். காய்கறிதான் சமைக்கிறேன் என்றேன். டப்பா கொண்டுபோகிறேன், நண்பர்களும் சாட்சி என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அக்டோபர் கடைசி வரை நேரம் கொடுத்தார். "உங்க தங்கைக்கு ரொம்ப நாள் தள்ளிப் போட முடியாது. இஷ்டமில்லைன்னாலும் சொல்லிருங்க, வேற வழி பாக்கணும்" என்றார்.

வடிவுக்குப் போன் பண்ணி, மிஷின் கோளாறு என்று நினைக்கிறேன், தொண்ணூற்றிரண்டுக்கு மேல் காட்டுகிறது என்றேன். "சரிண்ணே, மெதுவா ஆகட்டும். சாப்ட்டியா?" என்றாள். குரலில் துளி வருத்தம் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆவுடை இந்த நோட்டைப் படித்திருக்கிறாள். மேஜைமேல் போட்டு வைத்தது என் தப்பு. ஒன்றும் சண்டை போடவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க செஞ்சத பூரா தின்னது அவங்க ரெண்டு பேரு. பேசாம அவங்களே கிட்னி குடுக்கலாம் போலிருக்கே."

நோட்டை இனிமேல் ஆபீஸ் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒரு வாரமாக மனதே சரியில்லை. ஊருக்கெல்லாம் செய்து கொடுக்கிறேன், உடம்பு சரியில்லாத தங்கைக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று இன்று காலையில் தோன்றியது. இருப்பதிலேயே சத்தானதாகப் பார்த்துச் செய்தேன். முருங்கைக்கீரையை உருவி அடை. பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் மசித்துக் கட்லெட், தோசைக்கல்லில் சுட்டது. தொட்டுக்கொள்ளத் தக்காளித் துவையல். ரத்தம் ஊறும் என்று நினைத்துத்தான் பீட்ரூட் போட்டேன்.

மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். வடிவு டப்பாவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதெல்லாம் நீயா செஞ்சே?"

"பின்ன? ஆவுடை கரண்டியக்கூடத் தொடல."

கட்லெட் மூன்று, அடை இரண்டு தின்றாள். துவையலை வழித்துத் தின்றாள். அவள் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து எத்தனையோ நாளாகிறது. வீட்டுக்கு நடந்தே வந்தேன். சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை போன். வடிவுக்குக் கால் துவண்டுவிட்டது, நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார். எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன்.

உடனே டயாலிசிஸில் போட்டார்கள். நர்சம்மா வெளியே வந்து, "நேத்து என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, உங்களுக்கும் எனக்கும் அது நல்ல காய். இவங்களுக்கு இல்ல. அதுல இருக்கற பொட்டாசியத்த இவங்க உடம்பால வெளிய தள்ள முடியாது. கூடிருச்சுன்னா இதயமே நின்னுரும். கீரை, பீட்ரூட், உருளை, தக்காளி எதுவும் கூடாது. மத்த காயக்கூட நறுக்கி, நெறைய தண்ணியில வேக வச்சு, தண்ணிய வடிச்சுட்டுத்தான் குடுக்கணும். வீட்ல ஒட்டி வைக்கச் சொல்லி தாள் குடுத்திருக்கோமே?"

அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வடிவு வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டு வருஷமாக அந்தக் கதவைத் திறந்து அல்வா எடுத்திருக்கிறேன். ஊரார் பத்திரத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவன் அதில் ஒரு வரி படித்ததில்லை.

மூன்று மணிக்குக் கண் விழித்தாள். மாப்பிள்ளை பொறுக்க மாட்டாமல், "ஒனக்குத் தெரியாதா? ஏன் தின்னே?" என்று கத்திவிட்டார்.

"அண்ணன் செஞ்சு கொண்டாந்தான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

உயிருக்கு ஒன்றுமில்லை. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஆவுடைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எனக்குப் பயம். ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நான். வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற நினைப்பில் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். முடியாது என்று சொல்ல வெட்கம், தருகிறேன் என்று சொன்னதற்குப் புகழ். அதனால் டப்பாவை ஊராருக்குக் கொடுத்துவிட்டு நான் பஜ்ஜி தின்றேன். எடை குறையவில்லை என்றால் குற்றம் என்மேல் வராது, உடம்பின்மேல் போய்விடும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அப்பா வீட்டில் தனக்குள்ள பாகத்தை எனக்கு விட்டுக்கொடுத்து வடிவு விடுதலைப் பத்திரம் போட்டாள். பெண்பிள்ளைகள் அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். அந்தப் பத்திரத்தை எழுதியவன் நானே. வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "நீ எழுதினத நான் என்னத்த வாசிக்க? கையெழுத்து எங்கண்ணே போடணும்?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் சாலமோனும் மைதீனும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை பேச்சுவாக்கில் நான் சிறுநீரகம் கொடுக்கவிருப்பதைச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க தங்கச்சிக்கு வேண்டி நீங்க திங்க வேண்டியதையா அண்ணாச்சி நாங்க தின்னோம்? எங்களுக்கு எப்படிச் செரிச்சுது?" என்றார்.

சாலமோனுக்குக் கண்ணீர் வராது, கோபம்தான் வரும். "நீரு பஜ்ஜிக்கு ஓடுனதுக்கு அர்த்தம் இப்பத்தான் புரியுது. பயம்னா பயம்னு எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்லா? அதுக்கு ஏன் வே வடைய எங்க மேல ஏவுனீரு? எனக்கு எடை கொறஞ்சு யாருக்கு என்ன பிரயோசனம்? இப்பச் சொல்லும். குடுக்க மாட்டேன்னா தங்கச்சி மொகத்தப் பாத்து மாட்டேன்னு சொல்லிரும், அவுக வேற வழி பாக்கட்டும். குடுப்பேன்னா நாளையிலேருந்து ஒழுங்கா தின்னும். ரெண்டுல ஒண்ணு."

அவர்கள் கிளம்பும்போது, நாளை டப்பா கொண்டுவருவேன் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சட்டம் போட்டாகிவிட்டது. நாலு மணிக்கு டப்பா சாலமோன் கைக்குப் போகும். முதல் நாலு வடை எனக்கு. நான் தின்று முடித்து வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அவர்களுக்கு. பஜ்ஜிக் கடைப் பக்கம் மூன்று பேரும் திரும்புவதில்லை. டீ மட்டும் பெஞ்சுக்கு வரும். கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, எம்மேல கோவமா?" என்று கேட்டே விட்டார்.

கேரட் வடை நாலு. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தொண்ணூறு கிலோ இருநூறு. காலை ஐந்தரைக்கு மைதீன் தொழுகை முடித்துவிட்டு நேரே என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி ஆறு சுற்று. ஆவணி முகூர்த்தம், பத்திரம் குவிகிறது. அப்படியும் பெஞ்சில் உட்கார்ந்தே கேரட் சீவுகிறார் சாலமோன். முத்திரைத்தாளில் ஆரஞ்சுக் கறை பட்டு ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார்.

செப்டம்பர் 9, திங்கள்

வாழைப்பூ அடை. பூ ஒவ்வொன்றிலும் உள்ள கள்ளன் என்கிற நரம்பை எடுக்க ஒரு மணி நேரம். தின்ன ஐந்து நிமிஷம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

உளுந்தவடை ஒன்று. மறுவீட்டு விருந்தில். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

நேற்றைய வடைக்காக இன்று எட்டுச் சுற்று. தீர்ப்பு சாலமோனுடையது.

அக்டோபர் 4, வெள்ளி

எண்பத்தாறு. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. வடிவு வீட்டுக்குப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மெலிஞ்சுட்டியே" என்றாள். பிரிட்ஜில் அல்வா இருக்கிறது என்றாள், வேண்டாம் என்றேன். களைப்பாக இருந்தாள் போலிருக்கிறது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிரிட்ஜ் கதவுத் தாளை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத்து விடாமல் பெயர்த்து எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

எண்பத்து மூன்று கிலோ அறுநூறு. பிரஷர் சரி. ஈரலும் தேவலை. டாக்டர் கை கொடுத்தார். சாலமோன் மூன்று பேருக்கும் பஜ்ஜி வாங்கலாம் என்றார். மைதீன் அவரை அடிக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. முறுக்கு ஒன்று, அதிரசம் அரை. ஆவுடை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காகப் போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். இவ்வளவு நாளில் இதைப் பற்றி அவள் பேசியது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 6, புதன்

உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் குழுவின் விசாரணை நேற்று முடிந்தது. தேதியும் கொடுத்துவிட்டார்கள். அதை வடிவிடம் நேரில் சொல்லலாம் என்று இன்று மத்தியானம் போனேன். அவளுக்கென்று தனியாகச் செய்து எடுத்துப் போயிருந்தேன். முட்டைகோசும் கேரட்டும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஒட்ட வடித்து, அரிசி மாவில் பிசைந்து, உப்பே இல்லாமல் சுட்ட குட்டி அடை. போகிற வழியில் ஆஸ்பத்திரியில் அந்தச் சாப்பாட்டு ஆலோசனைப் பெண்ணிடம் டப்பாவைத் திறந்து காட்டிச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் போனேன். இரண்டு தரலாம் என்றாள்.

டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது, பதினொன்றாம் தேதி ஆபரேஷன் என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"எதுக்குண்ணே எடைய கொறச்சே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்காகத்தானே என்றேன்.

"எனக்கு வேண்டாம்னு நானே சொல்லியிருக்கணும். சொல்ல முடியல. எனக்கு உசுரு மேல ஆசை இருக்குண்ணே. ஆனா ஒனக்கு ஏதாவது ஆயிட்டா நான் எப்படி ஆவுடை மதினி மொகத்துல முழிப்பேன்? நீ தொண்ணூத்திரண்டுன்னு போன் பண்ணேலா, அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்குனேன். எம்மேலயும் தப்பு இல்ல, ஒம்மேலயும் தப்பு இல்ல, ஒடம்பு ஒத்துக்கிடலன்னு போயிரும்னு நெனச்சேன்."

நான் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நானும் அன்னைக்குத்தாம்ட்டி நல்லாத் தூங்குனேன்."

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பஜ்ஜிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். மைதீனுக்குச் சர்க்கரை இறங்கியதையும் சாலமோன் பெல்ட்டில் ஓட்டை போட்டதையும் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தோம். மாப்பிள்ளை அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

"இப்பவும் பயமா இருக்காண்ணே?"

"இருக்கு."

"அப்ப வேண்டாம்."

"பயமும் இருக்கு, குடுக்கணும்னும் இருக்கு. ரெண்டும் சேந்துதான் இருக்கும் போல. இப்ப இங்க நீயும் நானும்தான் இருக்கோம், வேற யாரும் பாக்கல. தாரேன் வடிவு. வாங்கிக்கோ."

வடிவு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள். ஒரு அடையைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். "உப்பே இல்ல, சகிக்கல" என்றாள். அதை முழுதும் தின்றுவிட்டு இரண்டாவதையும் எடுத்தாள்.

பதினொன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு எங்கள் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டுமாம்.